கொடிமேடையில் செருப்பு கூடாது

பொன்னாடையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அனுபவத்தில் சொல்கிறேன். தண்ணீரை உறிஞ்சாது, போர்த்தினால் குளிர் தாங்காது, ஓரத்து ஜரிகை கழுத்தைப் பிறாண்டும். எங்கள் வீட்டில் மிக்சிக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று, சாரல் அடிக்கும் ஜன்னலுக்கு ஒன்று என்று போர்த்தியது போக, மிச்சமெல்லாம் பீரோவின் மேல்தட்டில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அத்தனையும் என் வீட்டுக்காரருக்கு வந்தவை. பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அன்றிலிருந்து ஊர் அவரை விடாமல் கௌரவித்துக்கொண்டிருக்கிறது.

நான் நன்றி கெட்டவள் இல்லை. முதல்முறை போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, அவரை மேடையில் உட்காரவைத்துப் பேசியபோது, கீழே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒருத்தி அழமுடியும்? ஆகஸ்ட் வந்தால், ஜனவரி வந்தால், பள்ளிக்கூடம், ஜீப் ஓட்டுநர்கள், வியாபாரிகள், இளைஞர் மன்றம் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். சிறப்பு விருந்தினர் என்றைக்குமே சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். அதுவரை ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அங்கன்வாடிக்கு லீவு சொல்ல வேண்டும். அவர் போடியில் காவல் இருக்கும் ஏலக்காய்க் கிட்டங்கியில் ஆள் மாற்றிவிட்டு வரவேண்டும். பெருமை என்பது ஒருநாள் சோலியைக் கெடுக்கிற விஷயம் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல அவரைக் ‘கார்கில் வீரர்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் பட்டாளத்தில் சேர்ந்ததே கார்கிலெல்லாம் முடிந்து பல வருடம் கழித்துத்தான். முதலில் சில தடவை எழுந்து திருத்திப் பார்த்தார். அதைத் தன்னடக்கம் என்று சொல்லி அதற்கும் கைதட்டினார்கள். அதோடு விட்டுவிட்டார். ரோந்து முடிந்து திரும்பும்போது, எல்லோரும் மிதித்துப் போன தடத்திலிருந்து ஒரு எட்டு தள்ளிக் கால் வைத்தார், வெடித்தது. அவர் சொல்லும் கதை இவ்வளவுதான். மேடையில் அந்தக் கதைக்குப் பீரங்கியெல்லாம் வந்துவிடும்.

இதெல்லாம் போகட்டும். அவருக்கு உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது வேறு ஒன்று. எந்தக் கூட்டத்திலும் அவரை நிற்க விடமாட்டார்கள். மேடை ஏறியதுமே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஓடிவரும். விருந்தினர் வரும்போது எல்லோரும் எழுவார்கள், இவரும் எழுவார், உடனே பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்து, “நீங்க உக்காருங்கண்ணே” என்று அமுக்கும். பொன்னாடை போர்த்துகிறவர் குனிந்து போர்த்துவார். தேசியகீதத்துக்கு எழுந்தால்கூட அமுக்கியிருக்கிறார்கள். மரியாதைக்காகத்தான் அமுக்குகிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அந்தத் தோளை அவர் தேய்த்துவிட்டுக்கொள்வதை நான்தானே பார்க்கிறேன்.

ஒருமுறை மலைமேல் போடிமெட்டு தாண்டி ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கூப்பிட்டார்கள். ஜீப்பில் முன்சீட்டு அவருக்கு. என்னையும் பின்னால் பெண்களோடு பெண்களாக நெருக்கி ஏற்றிக்கொண்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலே வெளியே வந்துவிட்டது. அங்கே போனால், அன்றைக்குக் காய் எடுத்துவிட்டு இறங்கிய பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்கோடு, அட்டைக்கடி ரத்தம் காயாத காலோடு, மழைத்தூறலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்து ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். தகரக்கொட்டகைக்குக் கீழே இவர் மட்டும் நாற்காலியில். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தபோதுதான், “நாளெல்லாம் சரிவுல ஏறி இறங்குன பொம்பளைக நிக்கிறாக, நான் உக்காந்திருக்கேன்” என்றார். பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டார்.

அவர் நிற்க முடியாதவர் இல்லை. செயற்கைக்கால் போட்டுக்கொண்டு நன்றாகவே நடப்பார், போடி பஸ்ஸில் ஏறுவார், இறங்குவார். அதற்கு ஒன்று மட்டும் வேண்டும், ஷூ. அந்தக் காலின் பாதம் ஷூவின் குதிகால் உயரத்துக்குத் தக்கபடி அமைத்தது. ஷூ இருந்தால் நிமிர்ந்து நிற்கலாம். ஷூவைக் கழற்றினால் பாதம் தரையில் படியும்போது உடம்பைப் பின்பக்கமாகச் சாய்க்கும்; யாரோ நெஞ்சைப் பிடித்துத் தள்ளுவது போல இருக்கும் என்பார். அதனால் வீட்டுக்குள் போடுவதற்கென்றே தனியாக ஒரு கேன்வாஸ் ஷூ உண்டு. தெருவில் அதை மிதிக்கவே மாட்டார். புது ஷூ வாங்கப் போடிக்குப் போனால் பழையதைப் பையில் எடுத்துப்போய், குதிகாலோடு குதிகால் வைத்து ஒத்துப் பார்த்துத்தான் வாங்குவோம். கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கோயிலுக்குப் போனால் நான் மட்டும் உள்ளே போவேன். அவர் வாசலில் நின்று கும்பிடுவார். சாமி கோவித்துக்கொள்ளவில்லை, நாங்களும் யாரிடமும் முறையிட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கால் இல்லாத இடத்தை அவர் யாருக்கும் காட்டியதில்லை. என் அம்மா அப்பா பார்த்ததில்லை. அவர் கூடப்பிறந்த தங்கச்சி பார்த்ததில்லை. வீட்டுக்கு யாராவது ராத்தங்க வந்தால், அவர்கள் தூங்கும்வரை காலைக் கழற்றாமலே படுத்திருப்பார். இடுக்கில் வியர்த்து, தோல் கன்றிப்போகும். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தக் காயத்தை ஊரில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

போன பொங்கல் கழிந்த சமயம் எங்கள் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு வந்தார். வயதில் சின்னவர், ஏலக்காய் வியாபாரி, நல்ல பிள்ளை. குடியரசு தினத்தன்று நடக்கும் கிராம சபையில் என் வீட்டுக்காரரைப் பாராட்டி முறைப்படி தீர்மானம் போடப் போவதாகச் சொன்னார். இவர் வழக்கம்போல, “பாப்போம்ப்பா” என்றார். பாப்போம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். தலைவர் விடவில்லை. தீர்மானம் மட்டுமில்லை, அன்றைக்குக் கொடி ஏற்றப் போவதும் அவர்தான் என்றார்.

“நானா?” என்றார் இவர்.

“நீங்கதாண்ணே.”

“நின்னா?”

“பின்ன, உக்காந்துக்கிட்டா ஏத்துவாக?” என்று தலைவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு ஆள். டிரங்குப் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டார். எந்தக் கூட்டத்துக்கும் குத்திக்கொள்ளாத பதக்கத்தைத் துடைத்தார். உட்கார்ந்துகொண்டு எதற்குப் பதக்கம் என்று அதுவரை பெட்டியிலேயே போட்டிருந்தார். விடியற்காலையில் கொல்லையில் துணி காயப்போடும் கொடிக் கம்புக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்துப் பழகினார். பால்காரர் பார்த்துவிட்டு, “என்ன மாப்ளே, திரும்பக் கூப்பிட்டுட்டாகளா?” என்று கேலி பேசிவிட்டுப் போனார். இத்தனை வருடம் மரியாதையை வாங்கிக்கொண்டே இருந்தவர், ஒரே ஒரு மரியாதையைத் தன் கையால் செய்யப் போகிறார். அதுவும் நின்றுகொண்டு. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கோ அவர் விழுந்துவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, தூக்கிவிட ஆளாளுக்கு ஓடிவந்த நாளுக்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை.

அன்றைக்குக் காலையில் குரங்கணிப் பக்கம் மலை தெரியாத அளவுக்கு மூட்டம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் கொடிமேடைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் கலர்க்கோலம் போட்டிருந்தார்கள். என் அங்கன்வாடிக் குழந்தைகளைச் சட்டையில் குட்டிக்கொடி குத்தி வரிசையாக நிறுத்தியிருந்தேன். எல்லோருடைய செருப்பும் பூவரச மரத்தடியில் கிடந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கொடிமேடைக்குக் கிட்டே யாரும் செருப்போடு போகமாட்டார்கள். யாரும் எழுதிவைத்ததில்லை, ஆனால் கோயிலுக்கு என்ன முறையோ அதே முறை. செருப்போடு ஏறக் கால் எடுத்து வைத்த பிள்ளைகளை நானே எத்தனையோ தடவை இழுத்து நிறுத்தியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் ஷூ போட்டிருக்கிறார் என்பது அன்று என் மனதில் தட்டுப்படவே இல்லை. மற்றவர்களுக்கு அது ஷூ; என் கண்ணுக்கு அது அவர் கால்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கோட்டும் பதக்கமுமாக நிமிர்ந்து போய் முதல் படியில் ஏறினார். அப்போது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், “அப்பு, செருப்பக் கழட்டிட்டு ஏறு” என்றார். அந்தப் பெரியவர் வருடா வருடம் விடியுமுன் குளித்துவிட்டு வந்து, பூவை உள்ளே வைத்துக் கொடியை மடித்துக் கட்டுகிறவர். அதட்டவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

இவர் திரும்பிப் பார்த்தார். “பட்டாளத்துல பூட்ஸ் இல்லாமக் கொடிக்கு முன்னால நின்னா தண்டனைய்யா.”

“அது பட்டாளம். இது ஊரு.”

ரெண்டு பேர் சொன்னதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் பெரிய சங்கடம். கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. அந்தக் காலால் ஷூ இல்லாமல் நிற்க முடியாது என்று நான் சொன்னேன். பிள்ளைகள் சத்தத்தில் பாதிப்பேர் காதில் விழவில்லை. விழுந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஷூவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். புது ஷூவாக இருந்தால் பரவாயில்லை என்று ஒரு பெண் சொன்னாள். பெரியவர் எதற்கும் தலையாட்டவில்லை. தான் குளித்துக் கட்டிய கொடி என்கிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் இவர் பக்கத்தில் போய் மெதுவாக, “அண்ணே, நீங்க கீழ இருந்தபடியே கயித்தத் தொட்டுக் குடுங்க. நான் இழுத்துர்றேன். நீங்க உக்காந்துக்கிருங்க” என்றார். சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து படிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். நான் ஓடிப்போய், வீட்டுக்குப் போய்விடலாம் மாமா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் நாற்காலியை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வலதுகால் ஷூவின் கயிற்றை அவிழ்த்து, சாக்ஸையும் கழற்றி உள்ளே சுருட்டி வைத்தார். பிறகு இடதுபக்கப் பேண்ட்டை மேலே சுருட்டினார். பட்டையை அவிழ்த்தார். காலை ஷூவோடு அப்படியே கழற்றி, முதல் படிக்குக் கீழே, மற்ற ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஊருக்கு முன்னால், தைமாதக் காலை வெளிச்சத்தில், வெள்ளைத்துணி உறை போட்ட அந்த மொட்டை முழங்கால் தெரிந்தது.

தூக்கிவிட ரெண்டுபேர் வந்தார்கள். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினார். கோட்டில் கலர்க்கோலம் ஒட்டியது. கம்பத்தைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்தார். இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் முடிச்சு அவிழவில்லை, ரெண்டாவதில் அவிழ்ந்தது. பூ அவர் தலையிலேயே கொட்டியது. சல்யூட் அடித்தார்.

என் அங்கன்வாடிக் குழந்தைகள் தேசியகீதத்தை இழுத்து இழுத்துத்தான் பாடும். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். சிலர் செல்போனைப் பார்த்தார்கள். நான் அவருடைய வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிற்பாடு பலபேர் என்னிடம் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மதினி என்றார்கள். எனக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் கம்பத்தைப் பிடித்துச் சரிந்து மேடையிலேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கீழே கையை நீட்டி, “கொண்டா” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கழற்றிவைத்த காலுக்கு மிகப் பக்கத்தில் நிற்பவர் எடுத்துத் தரவேண்டியதுதானே. தலைவர் அங்கேதான் நின்றார். பெரியவர் நின்றார். நாற்காலி கொண்டுவந்தவர் நின்றார். யாரும் குனியவில்லை. ஒருவர் ஒரு அடி பின்னால்கூட நகர்ந்தார். ஊரில் சாவு என்றால் பாடை தூக்கத் தோள் கொடுக்க முண்டியடிக்கிற ஆட்கள்தான் இவர்கள். மலையில் ஜீப் கவிழ்ந்தபோது ரத்தச்சேற்றில் இறங்கி ஆட்களைத் தூக்கியவர்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் காலைத் தொட ஒரு கைக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் போய் எடுத்தேன். அது பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். உள்ளே அவர் உடம்புச் சூடு இன்னும் போகாமல் இருந்தது. கூட்டம் தாராளமாக விலகி வழி விட்டது. ஷூவோடு அது மேடை ஏறியதை இப்போது யாரும் தடுக்கவில்லை. மேடையில் அவருக்கு முன்னால் மண்டியிட்டுப் பட்டையைக் கட்டினேன். வீட்டில் என்றைக்கும் என்னைக் கட்டவிட்டதில்லை. அன்று விட்டார்.

அப்புறம் வேப்பிலையைக் கடித்த முகத்தோடு எல்லோரும் அலுவலகத்துக்குள் போய்க் கிராம சபைக்கு உட்கார்ந்தோம். ஊராட்சிச் செயலர் குடிதண்ணீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் தீர்மானத்துக்கு வந்தார். நாட்டுக்காகத் தன் காலை ஈந்த எங்கள் ஊர் மைந்தனை இந்தக் கிராம சபை போற்றிப் பெருமை கொள்கிறது என்று அழகான தமிழில் எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் தோளில் ஒரு கையும் விழவில்லை. அவர் வேண்டாம் என்று வெறுத்த கைதான். ஆனால் அது இப்படி விலகிப் போயிருக்க வேண்டாம்.

அவர் ரொம்பக் களைத்திருந்தார். சத்தமே எழும்பவில்லை.

“இம்புட்டு வருசமாப் பாக்காமலே மரியாதை செஞ்சீக. இன்னைக்குப் பாத்துட்டீக. இப்பவும் வேணும்னா கையத் தூக்குங்க. வேணாம்னாலும் எனக்கு வருத்தமில்ல.”

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். முதலில் கொடி கட்டிய பெரியவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை தலைக்கு மேலே வரும்போது அவர் கண் தரையில் இருந்தது. பிறகு தலைவர். பிறகு முன்வரிசை, பின்வரிசை, மகளிர் குழு, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆட்கள். ஒவ்வொருவராக எல்லோரும் தூக்கினார்கள்.

நான் தூக்கவில்லை. மடியில் ரெண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் மட்டும் என்னைப் பார்த்தார். செயலர் பேனாவை எடுத்து எழுதிவிட்டு, எழுதியதை உரக்க வாசித்தார்: தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.